சாட்ஸ்வர்த் சனிக்கிழமை உதவி மேசை: நோய் விடுப்பில் இருக்கிறவர்கள் கட்டாயம் போய்ப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு சமூகக் கூடத்து மாடியில் சனிக்கிழமை காலையில் தொழிலாளர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். போர்டு கிடையாது, கோயிலில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். டோக்கன் இல்லை, முந்தினவருக்குத்தான் நாற்காலி. லிஃப்டும் இல்லை. காசநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குப் படி ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஜெராக்ஸ் நாமே எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

நான் மசாலா பாக்கெட் போடும் கம்பெனியில் வாரம் ஆறு நாள் வேலை பார்க்கிறவள். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. சம்பளத்தோடு நோய் விடுப்பு மூன்று வருடச் சுற்றுக்கு ஆறு வார வேலைநாள்தான். எங்களைப் போல ஆறு நாள்காரர்களுக்கு 36 நாள், ஐந்து நாள்காரர்களுக்கு 30. அது தீர்ந்ததும் சூப்பர்வைசர் என் பெயரில் ராஜினாமாக் கடிதத்தைத் தானே டைப் அடித்து நீட்டினார். கையெழுத்துப் போட்டால் எனக்கும் நிம்மதியாம், அவர்களுக்கும் நிம்மதியாம்.

மேசையில் இருந்தவர் பழைய யூனியன்காரர். தமிழ் பேசுகிறவர் அங்கே அவர் ஒருவர்தான், மற்றவர்கள் இங்கிலீஷ், ஸூலு. கடிதத்தைத் தொடக்கூட இல்லை, பென்சில் முனையால் ஓரமாகத் தள்ளினார். "இதுல மட்டும் கையெழுத்துப் போட்டுடாதே தங்கச்சி. நீயா விட்டுட்டுப் போனதா ஆயிடும். அப்புறம் யுஐஎஃப்ல, அதான் அரசாங்கத்தோட வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில, வேலையில்லாதவங்களுக்குக் குடுக்கிற காசும் வராது." லீவு தீர்ந்தால் சம்பளம் நிற்கலாம், வேலை தானாகப் போய்விடாது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. சம்பளம் நின்ற காலத்துக்கு யுஐஎஃப்பில் நோய்க்கால உதவி தனியாகக் கேட்கலாம் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

இனிக்க இனிக்கப் பேசுகிற ஆள் இல்லை. நோயாளியை நீக்கவே முடியாது என்று நினைக்காதே என்றும் சொன்னார். 1995ஆம் வருடத் தொழிலுறவுச் சட்டப்படி, நீக்குவதற்கு முன்னால் எத்தனை நாளில் குணமாகும், தற்காலிகமாக வேறு ஆள் போடலாமா, இலகுவான வேலை இருக்கிறதா என்றெல்லாம் முதலாளி விசாரிக்க வேண்டும். நம் பக்கத்தையும் கேட்க வேண்டும். அதெல்லாம் செய்தும் வழியில்லை என்றால் நீக்கலாம்.

அப்புறம் கம்பெனிக்கு என் சார்பில் கடிதம் எழுதிக் கொடுத்தார். எப்போது திரும்பலாம் என்று டாக்டர் எழுதிய சீட்டையும் சேர்த்தார். மருந்து சரியாக வேலை செய்தால் சில வாரங்களில் பெரும்பாலும் அடுத்தவருக்குத் தொற்றாது என்று ஒரு வரியும் இருந்தது. உண்மையில் அங்கே எல்லோருக்கும் இருந்த பயம் அதுதான். தற்காலிகமாக ஒரு பெண்ணை வைத்துச் சமாளித்தார்கள். இப்போது நான் மிளகாய்த் தூசி இல்லாத லேபிள் பக்கத்தில் இருக்கிறேன்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். படிக்கட்டுக்கு அரை ஸ்டார் குறைத்தேன், அண்ணன் நடுநடுவே பழைய வேலைநிறுத்தக் கதைகளை இழுப்பதற்கு இன்னொரு அரை.

நீக்கிய கடிதம் ஏற்கனவே கைக்கு வந்துவிட்டதா? நாளைக் கடத்தாதீர்கள். 30 நாளுக்குள் சிசிஎம்ஏவில் (தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பு) 7.11 என்கிற புகார்ப் படிவம் கொடுக்க வேண்டும், முதலாளிக்கும் ஒரு நகல் போக வேண்டும், கட்டணம் கிடையாது. படிவம் நிரப்ப இந்த மேசைக்காரர்கள் உதவுவார்கள். ஆனால் விசாரணைக்கு நம்மோடு வரமாட்டார்கள்.