குளத்துக்கு அடியில கூழாங்கல் போடலாமா: 18 மூட்டை வாங்கிப் போட்ட அனுபவம்

போன வருஷம் ஏப்ரல்ல மேட்டுப்பாளையத்துல ஒரு கல் கடைல வாங்குன கூழாங்கல் பத்தின ரிவியூ இது. கடை பேர் வேண்டாம், இதே கல்ல இதே மாதிரி சொல்லி விக்கிற கடைங்க நிறைய இருக்கு.

எங்க வீடு கோத்தகிரி பக்கம் அரவேணுல. வீட்டுக்குப் பின்னாடி தேயிலைக்கு முன்னால கொஞ்சம் சமதளம் கிடந்துச்சு, அதுல பத்தடி நீளம் ஆறடி அகலம் ரெண்டடி ஆழத்துக்கு குழி வெட்டி தண்ணி இறங்காத 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, அல்லியும் கொஞ்சம் கோல்டுஃபிஷும் விட்டோம். சுமார் 3400 லிட்டர் தண்ணி புடிக்கும். கருப்பு ஷீட் அப்படியே தெரியுதேன்னு மனசுக்குப் புடிக்கல, அதான் கல்லு தேடிப் போனது. கடைக்கார அண்ணன், "அடியில நாலு இன்ச் கனத்துக்குப் போட்டுருங்கக்கா, கல்லுல நல்ல பாக்டீரியா வளரும், தண்ணி தானா தெளிஞ்சிரும், கிளீன் பண்ணவே வேண்டாம்"னாரு. 50 கிலோ மூட்டை 600 ரூபா, 18 மூட்டை ஆச்சு, வண்டி வாடகை 2500 தனி. சொன்ன நாள் காலைலயே பிக்கப் ஏறி வந்துருச்சு, மூட்டை எண்ணிக்கை சரி, ஒண்ணும் கிழியல. டெலிவரில ஒரு குறையும் இல்ல.

கழுவறதுக்குத்தான் ரெண்டு நாள் போச்சு. ஒவ்வொரு பாண்டு சட்டிக் கல்லையும் அஞ்சு தடவை கழுவுனாலும் பால் மாதிரியே தண்ணி வருது, அவ்வளவு கல் தூசி. போட்டு முடிச்சு தண்ணி தெளியறதுக்கு ஒரு வாரம். தெளிஞ்சதும் பாக்கணுமே, அப்படி ஒரு அழகு, ஓடைத் தண்ணிய வீட்டுக்குள்ள கொண்டு வந்த மாதிரி இருந்துச்சு, வர்றவங்க எல்லாம் போட்டோ எடுத்தாங்க. நானும் அந்த அண்ணனுக்கு போன் பண்ணி நன்றி சொன்னேன்.

அந்த அழகு மழை வர்ற வரைக்கும்தான். அக்டோபர், நவம்பர் மழை கோத்தகிரி பக்கம் எப்படி அடிக்கும்னு தெரியும்ல, மேட்டுல இருந்து செம்மண்ணு கரைஞ்சு குளத்துக்குள்ள இறங்குச்சு, அது போக கற்பூர மரத்து இலை, சில்வர் ஓக் இலை, மீன் கழிவு, மிஞ்சுன தீனி எல்லாமே கல்லு இடுக்குல போய் உக்காந்துக்கிச்சு. வெறும் ஷீட்டா இருந்தா வலை விட்டு அள்ளிரலாம். கல்லுக்குள்ள போனத எப்படி அள்ளுறது? இந்த சில்வர் ஓக் இலை தோல் மாதிரி, சீக்கிரத்துல மக்கவும் மக்காது, குளிர்ல இன்னும் மெதுவா. மேல பாத்தா தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், அடியில குப்பை சேந்துக்கிட்டே இருக்கும்.

ஜனவரில ஒரு நாள் வாடை வருதேன்னு இறங்கி கையை கல்லுக்குள்ள விட்டேன். மேல ரெண்டு இன்ச் வரைக்கும் ஒண்ணும் இல்ல, அதுக்குக் கீழ விரல் போனதும் வழவழன்னு கருப்பா சேறு, கல்ல நகத்த நகத்த முட்டை முட்டையா குமிழி மேல வந்து உடையுது, அழுகுன முட்டை நாத்தம். கையில எடுத்த கல்லு ஒரு பக்கம் வெளிர் காப்பிக் கலர், மண்ணுல பதிஞ்ச பக்கம் மட்டும் கரி பூசுன மாதிரி. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, காத்துப் போகாத இடத்துல குப்பை அழுகுனா வர்றது, மீனுக்கு விஷம். எனக்கு அப்ப அது தெரியாது. மண்வாரியால கிளறி விட்டா அழுக்கு மேல வந்துரும்னு நினைச்சு கிளறிட்டேன். மறுநாள் காலைல மூணு மீன் மிதக்குது. எங்க பொண்ணு பேர் வச்சு வளத்த மீனுங்க. இப்பவும் அத நினைச்சா கஷ்டமா இருக்கு. தயவு செஞ்சு யாரும் மீன உள்ள வச்சுக்கிட்டு அடிக்கல்ல கிளறாதீங்க, முதல்ல மீன அதே குளத்துத் தண்ணியோட ட்ரம்முக்கு மாத்திட்டு அப்புறமா கை வைங்க.

அந்த அண்ணன் சொன்ன பாக்டீரியா விஷயம் பொய் இல்ல. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ மாத்தற பாக்டீரியா கல்லு மேல ஒட்டி வளரும், ஆனா அதுக்கு ஆக்சிஜன் வேணும், தண்ணி கல்லுக்குள்ள ஓடணும். நாலு இன்ச் கனத்துல அசையாம கிடக்கற கல்லுக்குள்ள எந்தத் தண்ணி ஓடுது? இன்னொண்ணும் யாரும் சொல்லல, அந்த 18 மூட்டையும் 300 லிட்டருக்கு மேல தண்ணி இடத்த அடைச்சுக்கிச்சு, மீனுக்கு அவ்வளவு தண்ணி கம்மி.

இப்ப கல்லு தரம். ஆத்துக் கல்லுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க, ஆனா ஒவ்வொரு மூட்டைலயும் கால்வாசி வெள்ளைக் கல்லு கலந்திருந்துச்சு. சந்தேகம் வந்து ஒரு வெள்ளைக் கல்ல கத்தியால சுரண்டி அந்தப் பொடி மேல வினிகர் ரெண்டு சொட்டு விட்டேன், பொடிப் பொடியா நுரைச்சுச்சு. அப்படி நுரைச்சா மார்பிள் இல்லன்னா சுண்ணாம்புக் கல்லு. காப்பிக் கலர் கல்லுல எதுவும் ஆகல. நம்ம ஊத்துத் தண்ணி மென்தண்ணி, கொஞ்சம் சுண்ணாம்பு சேந்தா கெடுதல் இல்ல, நல்லதுன்னு கூட சொல்லலாம், ஆனா குளம் முழுக்க அதே கிடந்தா பிஹெச் (தண்ணியோட அமில, காரத் தன்மையோட அளவு) ஏறிரும், எங்க குளத்துல 8 தாண்டியிருச்சு. பிஹெச் ஏற ஏற அம்மோனியாவோட விஷமும் கூடும். போதாததுக்கு அந்த வெள்ளைக் கல்லு ரெண்டே மாசத்துல பாசி புடிச்சு பச்சையாயிருச்சு. வாங்கறதுக்கு முன்னாடி கடைலயே நாலு கல்லு எடுத்து வினிகர் விட்டுப் பாருங்க, கூச்சப்படாதீங்க. சைஸும் பாருங்க, பட்டாணி சைஸ் கல்லு கோல்டுஃபிஷ் வாயில மாட்டிக்கும். விலை கம்மின்னு உடைச்ச ஜல்லிய மட்டும் ஷீட் மேல போட்டுறாதீங்க, முனை குத்தி ஓட்டையாயிரும்.

எல்லாத்தையும் வெளிய எடுத்தோம், நானும் வீட்டுக்காரரும் ரெண்டு ஆளுங்களும், மூணு நாள் வேலை. இப்ப அடியில ஒண்ணுமே இல்ல, வெறும் ஷீட். அசிங்கமா இருக்கும்னு பயந்தேன், ஆனா கொஞ்ச நாள்லயே ஷீட் மேல மெல்லிசா பாசி படிஞ்சு குளம் ஆழமா தெரியுது, ஆரஞ்சு மீனு அந்தக் கருப்புல இன்னும் எடுப்பா இருக்கு. ஓரத்துக்கு குழி வெட்டும்போது வந்த பெரிய கல்லுங்கள வச்சோம், காசே இல்ல, கல்லுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல சணல் சாக்கு மடிச்சுப் போட்டது. ஓரத்துக்குக் கல்லு கட்டாயம் வேணும், வெயில் பட்டா ஷீட் ஓரம்தான் முதல்ல வீணாகும், ராத்திரி காட்டுமாடு தண்ணி குடிக்க வந்து கால வச்சா அதுவும் ஓரத்துலதான். ஒரு மூலைல மட்டும் கல்ல சரிவா அடுக்கினதுல தவளை ஏறி வருது, பகல்ல தேனீ உக்காந்து தண்ணி குடிக்குது.

வாங்குன கல்லும் வீண் போகல. அல்லித் தொட்டிக்கு மண்ணு மேல ரெண்டு இன்ச் போட்டா மீன் மண்ணைக் கிளறாது. மிச்சத்துல நல்லதா பொறுக்கி 200 லிட்டர் நீல ட்ரம்முல போட்டு ஃபில்டர் ஆக்கிட்டோம், அடியில ஒன்றரை இன்ச் சைஸ் ஜல்லி, மேல கூழாங்கல்லு, பம்பு தண்ணிய அடியில விட்டு மேல வழிஞ்சு குளத்துக்கே போகுது, மேல வசம்பும் கல்வாழையும் நட்டிருக்கேன். அடியில ஒரு வால்வு, மாசம் ஒரு தடவை திறந்தா அழுக்கெல்லாம் சேம்புப் பாத்திக்குப் போயிரும். கடைக்காரர் சொன்ன பாக்டீரியா இங்கதான் ஒழுங்கா வேலை செய்யுது, தண்ணி இப்ப அடி வரைக்கும் தெரியுது.

டெலிவரிக்கு 5க்கு 5. கல்லுக்கு 3, வெள்ளைக் கல்லு கலக்காம இருந்தா 4 குடுத்திருப்பேன். அவங்க சொன்ன யோசனைக்கு 1. திருப்பி எடுத்துக்குவீங்களான்னு கேட்டேன், நனைஞ்ச கல்லு எடுக்க மாட்டோம்னுட்டாங்க. ஒரு 20 சதுர அடி குளத்துக்கு ஓரமும் தொட்டியும் ஃபில்டரும் சேத்து மூணு, நாலு மூட்டைக்கு மேல யாருக்கும் தேவைப்படாது, அவங்க எவ்வளவு சொன்னாலும் அதோட நிறுத்திக்கோங்க.