நொச்சித் தைலம்: ஒரு முழங்காலில் மட்டும் பூசிப் பார்த்தது

மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில் 100 மில்லிலீற்றர் நொச்சித் தைலப் போத்தலொன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். நொச்சிமுனை என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கும் எமக்கு அந்த இலை புதிதன்று. தடிமன் பிடித்தால் அதைப் போட்டு வேது பிடிப்பதும், வண்டு விழாமல் நெல் மூட்டைக்குள் பரப்புவதும் அம்மம்மா காலத்துப் பழக்கம். என்னை வாங்க வைத்தது, வீக்கத்தைக் குறைப்பது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது, பக்கவிளைவு அற்றது என்று போத்தலில் ஒட்டியிருந்த வரிதான்.

ஆய்வு நடந்தது உண்மை. நொச்சியின் முற்றிய பச்சை இலையின் நீர்ச்சாற்றை இலங்கை ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்த முடிவுகள் 2003இல் வெளிவந்தன. சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜீனனை எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றி வீங்கவைத்து, மருந்து பெற்ற எலிக்கும் பெறாத எலிக்கும் வீக்கம் மணிக்கு மணி எவ்வளவு வேறுபடுகிறது என்று அளப்பதே 1962 முதல் வழக்கிலுள்ள அந்த முறை. உடலே சுரக்கும் இரசாயனங்களில், தொடக்க வீக்கத்துக்கு ஹிஸ்டமினும் செரோடோனினும், பிந்திய வீக்கத்துக்குப் புரொஸ்டகிளாண்டினும் முக்கிய காரணங்களாகையால், மருந்து எங்கே வேலை செய்கிறது என்பதையும் அதிலிருந்து ஊகிக்கலாம். நொச்சிச்சாறு வீக்கத்தையும் நோவையும் குறைத்தது. ஆயினும் உள்ளுக்குக் கொடுத்த நீர்ச்சாற்றுக்குக் கிடைத்த பெயரை, எண்ணெயில் காய்ச்சிப் புறத்தே பூசும் தைலத்துக்குச் சூட்டுவது நியாயமன்று.

பக்கவிளைவு பற்றிய வாசகம் இன்னும் மோசம். கூடிய அளவை ஒரே தடவையில் கொடுத்து எலி பிழைக்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. நெடுநாள் கொடுத்து ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்ப்பது வேறொன்று. தோல் சிவக்கிறதா என்பது முற்றிலும் தனி. இவற்றுள் எதைச் செய்துவிட்டு அப்படி எழுதினார்கள் என்பதற்குப் போத்தலில் ஒரு சொல்கூட இல்லை.

எனவே நானே இயன்றவரை பார்த்தேன். முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் இரண்டு துளி தடவி ஒரு நாள் விட்டேன். சொறியோ சிவப்போ வரவில்லை. பிறகு பத்து நாட்கள், இரண்டும் நோகும் முழங்கால்களில் வலதுக்குத் தைலமும் இடதுக்கு வெறும் நல்லெண்ணெயும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் என்று தேய்த்து, காலைதோறும் தையல் நாடாவால் சுற்றளவு எடுத்தேன். வலது அரைச் சென்றிமீற்றர் வற்றியது. இடதும் அவ்வளவே வற்றியது. நோவும் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் தணிந்தது. ஒருவரின் முழங்காலை வைத்து மருந்தைத் தீர்ப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தேய்ப்பும் சூடுமே பாதி வேலையைச் செய்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

தைலத்தின் மணம் அருமை, பிசுக்கும் குறைவு. தயாரித்த திகதியும் காலாவதித் திகதியும் ஏன் இல்லை என்று கடைக்காரரிடம் கேட்டேன். "எண்ணெய் பழுதாகாது ஐயா" என்றார். நல்லெண்ணெய்ப் போத்தலில் இரண்டு திகதிகளும் இருந்தன. இரண்டாம் முறை அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.