குளிர்காலத்தில் ஜெட் ஸ்கீயும் சாஃப்ட் பிளாஸ்டிக்கும்: சில சீசன் ஓட்டிப் பார்த்த அனுபவம்

படகுக்குப் பதிலாக ஜெட் ஸ்கீயில் மீன் பிடிக்கப் போக ஆரம்பித்துச் சில குளிர்காலங்கள் ஓடிவிட்டன. கோடையில் எல்லாம் சுலபம். மீன் தானாகவே துரத்தி வந்து கொத்தும், நனைந்தாலும் சுகமாகத்தான் இருக்கும். குளிர்காலக் கணக்கே வேறு என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

வண்டியின் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு முக்கியம் இன்ஜினை அணைத்த பிறகு அது எந்த வேகத்தில் மிதந்து போகிறது என்பது. மீனுக்கு உடல் சூடு தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசியும் குறையும். அப்போது அது இரையைத் துரத்தாது, மூக்குக்கு முன்னால் வந்தால் வாயைத் திறக்கும், அவ்வளவுதான். ஆகவே சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது கொக்கியில் கோர்க்கும் மெத்தென்ற செயற்கை இரை, அடிமட்டத்துக்குப் பக்கத்தில் நிதானமாக நகர வேண்டும். ஜெட் ஸ்கீ எடை குறைந்தது, தண்ணீருக்குள் இறங்கும் பாகமும் குறைவு. கொஞ்சம் காற்றடித்தாலே நகர்ந்துவிடும். வண்டி நகர்ந்தால் தூண்டில் நரம்பு இழுபடும், பிளாஸ்டிக் மேலே தூக்கிக்கொள்ளும். மீன் கீழே, இரை மேலே. நாள் முழுக்க வீசினாலும் ஒன்றும் நடக்காது.

இதற்கு மருந்து டிராக், அதாவது தண்ணீருக்குள் குடை மாதிரி விரியும் துணி நங்கூரம். அதை முன்பக்க வளையத்தில் கட்டுகிறேன். மூக்கு காற்றைப் பார்த்து நிற்கும், வண்டி பின்பக்கமாக மெதுவாக நகரும். நான் இருக்கையில் திரும்பி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, வண்டி போகும் திசையிலேயே வீசுவேன். பிளாஸ்டிக் இறங்க நேரம் கிடைக்கும், வண்டி அதை நெருங்க நெருங்கத் தொய்வை மட்டும் சுற்றிக்கொண்டால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: டிராக்கை முழுதாக ஏற்றாமல் இன்ஜினைத் தொடக் கூடாது. ஜெட் பம்ப் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது, கயிறு கிடைத்தால் கயிற்றையும் உறிஞ்சும். இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் விசிறி) சுற்றிய கயிற்றை நடுக்கடலில் எடுப்பது பெரும்பாடு. அதனால் மிதக்கும் கயிறுதான் வாங்க வேண்டும், அதுவும் இழுத்துச் சுருட்டும் அளவுக்குக் குட்டையாக.

ஜிக் ஹெட், அதாவது கொக்கியோடு சேர்ந்த ஈயத் தலை, அதன் எடையில் நான் கஞ்சன். பத்து மீட்டர் ஆழத்துக்கு 7 கிராம், இருபதைத் தாண்டினால் 14, அதற்கும் மேலே நீரோட்டம் பலமாக இருந்தால் 21 அல்லது 28. தரையைத் தொட்டது தெரிகிற வரைக்கும் எவ்வளவு இலேசாகப் போக முடியுமோ அவ்வளவு. குளிரில் பெரும்பாலான கொத்து பிளாஸ்டிக் இறங்கும்போதுதான் விழுகிறது, இலேசான தலை மெதுவாக இறங்கினால் மீனுக்கு யோசிக்க நேரம் இருக்கும். அந்தக் கொத்து கையில் ‘டக்’கென்று தெரியாது. ஓடிக்கொண்டிருந்த பிரெய்டு (பின்னல் நரம்பு) திடீரென நிற்கும், அல்லது தண்ணீரைத் தொடும் இடத்தில் அரை அங்குலம் பக்கவாட்டில் துள்ளும். கண் அங்கேயே இருக்க வேண்டும். அதனால்தான் மஞ்சள் பிரெய்டு போட்டிருக்கிறேன். குளிர்காலத்தில் நுண்ணுயிர்ப் பாசி குறைந்து தண்ணீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் என்பதால், லீடர் (பிரெய்டின் நுனியில், கொக்கிக்கு முன்னால் கட்டும் நரம்பு) மட்டும் நீளமான ஃபுளோரோகார்பன். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42. தண்ணீருக்கு 1.33. சாதாரண நைலானைவிட இது தண்ணீருக்கு நெருக்கம், அதனால் மீன் கண்ணில் அவ்வளவாகப் படாது.

பிளாஸ்டிக்கில் இரண்டு வகை தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான பிவிசி குளிரில் விறைக்கும், துடுப்பு வால் மெதுவாக இழுக்கும்போது ஆடவே ஆடாது. ரப்பர் போல நீளும் டிபிஇ வகை (இசட்-மேன் கம்பெனியின் எலாஸ்டெக் இந்தக் குடும்பம்) மிதக்கும் தன்மை கொண்டது, எளிதில் கிழியாது. தலை தரையில் கிடக்க, வால் மேலே நின்று தானாக அசையும். குளிருக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றையொன்று உருக்கிப் பிசின் ஆக்கிவிடும். எதுவாக இருந்தாலும் கொக்கியில் நேராகக் கோர்க்க வேண்டும். கோர்க்கும் முன் கொக்கியைப் பிளாஸ்டிக்கின் பக்கத்தில் வைத்து, முனை எங்கே வெளியே வரும் என்று நகத்தால் ஒரு கீறல் போடுவேன். கோணலாகப் போனால் இறங்கும்போதே சுழலும், மீன் பக்கத்திலேயே வராது. விரல் மரத்துப் போன நேரத்தில் இது சின்ன வேலை இல்லை. கரையிலேயே நாலைந்து கோர்த்து எடுத்துப் போவது உத்தமம்.

விரல் பற்றிச் சொல்ல வேண்டும். ஈரப் பிரெய்டு ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரை விரலுக்குக் கொண்டு வரும், ஊறிய தோலை அறுக்கவும் செய்யும். முழுக் கையுறை போட்டால் கொத்து தெரியாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனி மட்டும் திறந்த நியோப்ரீன் கையுறைதான் எனக்குச் சரிப்பட்டது. உடலுக்கு வெட்சூட் (தண்ணீர் உள்ளே புகும் ரப்பர் உடை) போட்டுப் பார்த்தேன். தண்ணீருக்குள் சரி, வண்டி மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது காற்று அதை உலர்த்தி உலர்த்தி நடுங்க வைக்கும். டிரைசூட்டும் (தண்ணீர் புகாத முழு உடை) உள்ளே கம்பளி அடுக்கும் வந்த பிறகுதான் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்க முடிந்தது. அதன் கழுத்து, மணிக்கட்டு ரப்பரில் எண்ணெய்ப் பசை பட்டால் வெடித்துவிடும், பவுடர் போட்டு வைக்க வேண்டும்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கக் கூடாது. தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். குளிர்நீருக்கு ஒரு கணக்கு சொல்வார்கள், 1-10-1: திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் உருப்படியாக வேலை செய்யப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும் என்று அர்த்தம். அதற்குப் பின்பக்கம் ஏணி வேண்டும். பின்னால் கட்டியிருக்கும் ஐஸ் பெட்டியும் ராட் ஹோல்டரும் (தூண்டில் கம்பு தாங்கி) ஏறும் வழியை அடைக்காமல் இருக்க வேண்டும். விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு எப்போதும் உடம்பில். விஎச்எஃப் ரேடியோ (அவசரத்துக்குச் சேனல் 16), 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் இரண்டும் லைஃப் ஜாக்கெட்டில், வண்டியில் இல்லை. வண்டி காற்றோடு போய்விட்டால் அதில் இருக்கும் ரேடியோ யாருக்கு?

இன்னொரு குறை, பல இடங்களில் இருட்டில் ஜெட் ஸ்கீ ஓட்டத் தடை. குளிர்காலத்தில் பகல் குட்டை, விடியலுக்கு முன்பே போய் நிற்கும் வேலை நடக்காது. பெரிய நஷ்டமில்லை. ஆழம் குறைந்த இடங்களில் வெயில் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கிய மதியத்துக்கு மேல்தான் எனக்கு அதிகம் விழுகிறது.

பேட்டரி விஷயம்: ஜெட் ஸ்கீ பேட்டரி சின்னது, குளிரில் அதன் திறனும் குறையும். இன்ஜினை அணைத்து மணிக்கணக்கில் ஃபிஷ் ஃபைண்டர் (மீனையும் ஆழத்தையும் காட்டும் கருவி) ஓட்டினால் திரும்ப ஸ்டார்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. ஃபைண்டருக்குத் தனியாக ஒரு லித்தியம் பேட்டரி வைத்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் ஹோஸ் மாட்டி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் இன்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின். மாற்றினால் எக்ஸாஸ்ட் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறும். குளிரில் நடுங்கிக்கொண்டு வரும்போது இந்த அரை மணி நேரம்தான் எனக்கு மகா எரிச்சல்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் உடனே சீ-டூவின் ஃபிஷ் ப்ரோவைப் பார்ப்பார்கள். 2019 மாடலாக வந்தது, மீன் பிடிக்கவென்றே நீட்டிய பின்தளம், 70 லிட்டர் பெட்ரோல் டேங்க். நல்ல வண்டிதான். ஆனால் நிலையாக மிதக்கும் சாதாரண மூன்று இருக்கை வண்டியிலும் இதே மீன் விழும். பழையது ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் முதலில் டிரைசூட், அப்புறம் டிராக். ஃபைண்டர் அடுத்த சீசனுக்கு வாங்கினாலும் குடி முழுகிப் போய்விடாது.