மணிக்குப் போட்ட இன்சூரன்ஸ்: 8 வருஷக் கணக்கு

மணிக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. லாப்ரடார், ஆண், 34 கிலோ. டாக்டர் கணக்குப்படி இருக்க வேண்டியது 31. இரண்டு மாதக் குட்டியாக வீட்டுக்கு வந்த வாரமே அவனுக்கு இன்சூரன்ஸ் எடுத்தோம். கட்டிய ரசீது, கேட்ட கிளெய்ம், வந்த பதில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வருஷத்துக்கான கடிதம் வந்தது. தொகையைப் பார்த்ததும் ஃபைலோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஒரு தடவையாவது முழுசாகக் கூட்டிப் பார்க்காமல் இனி ஒரு காசு கட்டுவதில்லை என்ற வீம்பு.

இங்கே தொகையை அப்படியே எழுதப் போவதில்லை. இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் அது மாறும். முதல் வருஷப் பிரீமியத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாமே அந்த அளவுகோலில்தான்.

முதல் வருஷம் 100. அப்புறம் 104, 110, 125. ஐந்தாம் வருஷம் 150, பிறகு 170, 205, போன வருஷம் 240. மொத்தம் 1,204. கிளெய்மில் திரும்பி வந்தது 1,024. ஆக, கையை விட்டுப் போனது 180. "அப்போ நஷ்டம்னு எழுதிட்டு மூடிவைக்க வேண்டியதுதானே" என்றார் வீட்டுக்காரர். எனக்கு மூட மனம் வரவில்லை. அந்த 1,024 எந்தெந்த நேரத்தில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டுமே.

முதலில் பாலிசி என்ன ரகம் என்று சொல்லிவிடுகிறேன். விபத்து, நோய் இரண்டும் அடக்கம். ஒவ்வொரு வருஷமும் பில்லில் முதல் 40 எங்கள் தலையில். அதற்கு மேல் வருவதில் 80 சதவீதம் கம்பெனி தரும். வருஷத்துக்கு உச்சவரம்பு 600. தடுப்பூசி, பல் சுத்தம் செய்வது, கருத்தடை, உண்ணி மருந்து இதெல்லாம் கிடையாது. கிடையாது என்பதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் இன்னொரு சிக்கல் இருக்கிறது: ஊசி விட்டுப்போன நாய்க்கு பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் பல கம்பெனிகள் கிளெய்மைத் தொடுவதே இல்லை.

இதில் ஒரு சூட்சுமம், எனக்கே இரண்டாம் வருஷம்தான் புரிந்தது. நம் பங்கை முதலில் கழித்துவிட்டுச் சதவீதம் போடுகிறார்களா, சதவீதம் போட்டபின் கழிக்கிறார்களா? 380 பில்லுக்கு முதல் வழியில் 272 கிடைக்கும், இரண்டாவது வழியில் 264. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் நம் பங்கை வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்களா, நோய்க்கு நோய் தனித்தனியாக எடுக்கிறார்களா என்பதில் வித்தியாசம் பெரிது. காதுக்கு ஒரு 40, தோலுக்கு ஒரு 40, வயிற்றுக்கு ஒரு 40 என்று போனால் சின்னச் சின்ன பில்லுக்கெல்லாம் கையில் எதுவும் வராது.

380 என்று சும்மா சொல்லவில்லை. அது சாக்ஸ் பில்.

மணிக்கு அப்போது 16 மாதம். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டினான், எழுந்து வரவில்லை. துவைத்த துணி மடிக்கும்போதுதான் வீட்டுக்காரரின் சாக்ஸில் ஒற்றைக்கால் குறைவதைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் துணி தெளிவாகத் தெரியாது என்று ஸ்கேனும் எடுத்தார்கள். குடல் ஓரிடத்தில் சுருக்குப் பை மாதிரி கூடிப்போயிருந்தது. "இப்பவே திறக்கணும். விட்டா குடல் அழுக ஆரம்பிச்சிடும்" என்றார் டாக்டர். வரவேற்பு மேசையில் முன்பணம் கேட்டார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். எங்கள் பாலிசியில் முழுப் பில்லையும் முதலில் நாம்தான் கட்ட வேண்டும். கம்பெனி பிறகு நம் கணக்கில் போடும். நேராக ஆஸ்பத்திரிக்கே கட்டும் ஏற்பாடும் சில கம்பெனிகளில் உண்டு, எங்களுக்கு அது இல்லை. அன்றைக்கு கார்டைத் தேய்த்தோம். 19-வது நாள் 272 வந்தது, கார்டு பில் கட்டும் தேதிக்கு முன்னால். வராமல் இருந்திருந்தால் வட்டியும் சேர்ந்திருக்கும்.

இங்கேதான் என் அக்கா வருகிறாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் நமக்காகவா கடை வைத்திருக்கிறான் என்று கேட்கிற ஆள். அவள் வீட்டு ராணி கலப்பினம், கெட்டிக்காரி. மணிக்கு நான் பிரீமியம் கட்டிய அதே காலத்தில் அக்கா அதே அளவு தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வந்தாள். நாலு வருஷம் தடுப்பூசி தவிரச் செலவே இல்லை. ஐந்தாம் வருஷக் கடைசியில் ராணிக்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டியது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குப் பருவம் முடிந்து சில வாரங்களில் வருவது அது, பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. பில் 300 அளவுக்கு ஆனது. கணக்கில் 590 இருந்தது. கட்டிவிட்டு, மிச்சத்தை எனக்குக் காட்டினாள்.

அக்கா வழி தப்பு என்று சொல்ல மாட்டேன், அவளுக்கு அது சரியாகவே வந்தது. அதே வழியில் நான் போயிருந்தால்? சாக்ஸ் அன்றைக்கு என் கணக்கில் 120 இருந்திருக்கும், பில் 380. அடுத்து வந்தது ஐந்தாம் வருஷ நடுவில். அதுவரை சேர்ந்திருக்கக்கூடியதில் சாக்ஸ் செலவைக் கழித்தால் மிஞ்சுவது 134. வந்த பில் 720. சேமிப்புக் கணக்கு வளர்வதற்கு நாய் நோய்வாய்ப்படாமல் காத்திருக்க வேண்டும். மணிக்கு அந்தப் பொறுமை இல்லை.

அந்த 720-ஐப் பற்றித்தான் விலாவாரியாகச் சொல்ல வேண்டும். பந்தை எடுக்க ஓடியவன் திரும்பும்போது வலது பின்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. முழங்காலில் எலும்புகளை இணைக்கும் நார், அதாவது லிகமெண்ட், அறுந்திருந்தது. லாப்ரடார்களுக்கு இது சகஜம், எடை கூடியவற்றுக்கு இன்னும் சகஜம். காலெலும்பின் மேல்முனையை வெட்டி, கோணத்தைத் திருப்பி, தகடு வைத்து முடுக்கும் ஆபரேஷன். செய்தோம். கிளெய்ம் அனுப்பினோம். மூன்றாவது வாரம் ஒரு பக்கக் கடிதம்: நிராகரிக்கப்பட்டது.

காரணம், மணி ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோது ஆஸ்பத்திரிக் குறிப்பில் எழுதியிருந்த ஒரே வரி: "இடது பின்னங்காலில் நொண்டல், கவனிக்கவும்." பாலிசி எடுத்ததும் கிளெய்ம் கேட்க முடியாத ஆரம்ப நாட்களுக்குக் காத்திருப்புக் காலம் என்று பெயர். எங்கள் பாலிசியில் நோய்களுக்கு அது 14 நாள், லிகமெண்டுக்கு மட்டும் ஆறு மாதம். அந்த நொண்டல் ஆறு மாதத்துக்குள் வந்ததாம், எனவே அது முன்பே இருந்த பிரச்சினையாம். அறுந்தது வலது கால்தானே என்றால், இருபக்க விதி என்று ஒன்று இருக்கிறது: ஒரு பக்கம் முன்பே பழுதென்றால் மறு பக்கமும் விலக்கு, அதாவது அதற்கும் பணம் கிடையாது. கேட்க அநியாயமாக இருக்கும். ஒரு காலில் லிகமெண்ட் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறு காலிலும் அறுகிறது என்று டாக்டர் சொன்னபோது கம்பெனி ஏன் அப்படி எழுதி வைத்திருக்கிறது என்பது புரிந்தது. ஆனால் எங்கள் விஷயத்தில் நொண்டலுக்குக் காரணம் முழங்காலே இல்லை. மூன்று நாள் கழித்துத் திரும்பப் போனபோது பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்தார்கள். அந்தச் செலவு 40-க்குள் அடங்கிவிட்டதால் நாங்கள் கிளெய்மே கேட்கவில்லை. அதனால் கம்பெனி கையில் முதல் குறிப்பு மட்டும் இருந்தது, இரண்டாவது இல்லை.

ஃபைலைக் கவிழ்த்துத் தேடினேன். "பாதத்தில் அந்நியப் பொருள் நீக்கம், தையல் 2" என்று மங்கிப்போன பில் கிடைத்தது. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பழைய பதிவைத் திறந்து பார்த்துவிட்டு, "அன்னிக்கு அவசரத்துல எழுதினது. எந்த இடத்துல வலின்னு எழுதியிருக்கணும்" என்று ஒப்புக்கொண்டு, இடது முழங்காலின் புது எக்ஸ்ரேயோடு ஒரு கடிதமும் கொடுத்தார். மேல்முறையீடு போட்டு இரண்டு மாதம் கழித்து 544 வந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் டாக்டர் அறையை விட்டு வெளியே வரும் முன் அன்றைய குறிப்பின் நகலை வாங்கிப் படித்துவிடுகிறேன். எதையும் மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகும். எழுதியிருப்பது நடந்ததுதானா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். பக்கத்து வரிசையில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பதுண்டு.

ஏழாம் வருஷம் மணிக்குத் தைராய்டு சுரப்பு குறைந்தது. சாப்பாட்டைக் கூட்டாமலே எடை ஏறியது, முடி மங்கியது, காது அடிக்கடி சீழ் பிடித்தது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மாத்திரை ஆயுள் முழுக்க. பில் அந்த வருஷம் 190, போன வருஷம் 150. கைக்கு வந்தது 120-ம் 88-ம். தொகை சின்னதுதான், ஆனால் பாலிசியின் தரம் இந்த மாதிரி நோயில்தான் தெரியும். சில பாலிசிகள் ஒரு நோய்க்கு முதல் 12 மாதம் மட்டும் தரும், பிறகு அந்த நோயே விலக்கு. பிரீமியம் மலிவாக இருப்பதைப் பார்த்து அதை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை வந்து தினம் இரண்டு வேளை இன்சுலின் போடும் நாய்க்கு 13-வது மாதத்திலிருந்து அந்த பாலிசி வெறும் காகிதம்.

பிரீமியம் 240 ஆனபோது கம்பெனி மாறலாமா என்று விசாரித்தேன். மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே சொன்னார்கள். விவரம் கேட்டபின் விலக்குப் பட்டியலும் வந்தது: வலது முழங்கால், அதனால் இடது முழங்கால், தைராய்டு, அதையொட்டித் தோல், காது, சாக்ஸ் புண்ணியத்தில் குடல். மிச்சம் இருப்பது வால்தான். ஒரு தடவை கிளெய்ம் கேட்ட நாய் அந்தக் கம்பெனியிலேயே கட்டிப்போடப்பட்ட மாதிரிதான். முதல் வருஷம் யார் மலிவு என்று பார்த்ததைவிட, வயதான நாய்க்கு எந்தக் கம்பெனி எப்படி ஏற்றுகிறது என்று நான் விசாரித்திருக்கலாம்.

நாய்க்கு இன்சூரன்ஸ் என்றதும் அப்பா முதலில் சிரித்தார். புது மோகம் என்று நினைத்துவிட்டார். ஸ்வீடனில் 1924-லேயே நாய்க்குக் காப்பீடு வந்துவிட்டது. இப்போதும் அங்கே பெரும்பாலான நாய்களுக்கு உண்டு. அமெரிக்காவில் 1982-ல் முதல் பாலிசி கொடுக்கப்பட்டது தொலைக்காட்சிப் புகழ் நாய் லாஸிக்கு. இதைச் சொன்னதும், "லாஸி சம்பாதிச்சுது, மணி என்ன பண்றான்" என்று கேட்டார். பதில் இல்லை.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று என்னிடம் கேட்டால், முதலில் இனத்தைப் பார்ப்பேன். டாக்ஸுண்டுக்கு முதுகுத்தண்டு, கிரேட் டேன் மாதிரி மார்பு ஆழமானவற்றுக்கு வயிறு முறுக்கிக்கொள்வது, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு என்று பிறக்கும்போதே வரும் கடன்கள் இருக்கின்றன. பரம்பரை நோய் அடக்கமா என்று எழுத்தில் வாங்காமல் இவற்றுக்கு பாலிசி எடுப்பது வீண். அடுத்து வீட்டுப் பணத்தைப் பார்ப்பேன். ஏழெட்டு வருஷப் பிரீமியத்துக்குச் சமமான பில் நாளைக்கே வந்தாலும் முகம் சுளிக்காமல் கட்ட முடிகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் தேவையில்லை, அவர்கள் அந்த 180-ஐ மிச்சம் பிடிக்கலாம். எங்களால் முடியாது. எட்டு வயது நாய்க்கு, நோய்கள் எல்லாம் வந்துவிட்டபின், புதிதாக எடுக்க நினைப்பவர்கள் அக்கா வழியில் போவது மேல்.

இனி ஒன்பதாம் வருஷக் கடிதம். 275 கேட்கிறார்கள். எட்டு வயது தாண்டியதால் அவர்கள் தரும் பங்கு 80-லிருந்து 70 சதவீதமாகக் குறைகிறது. படித்ததும் வந்த கோபத்தில் நிறுத்திவிடலாம் என்றுதான் ஃபோன் செய்தேன். பேச்சோடு பேச்சாக, எங்கள் பங்கை 40-லிருந்து 100 ஆக்கினால் எவ்வளவு என்று கேட்டேன். 210 என்றார்கள். அதாவது 65 குறைகிறது. பதிலுக்கு எங்களுக்குக் குறைவது என்ன? கூடுதலாக எங்கள் தலையில் விழுவது 60. அதில் அவர்கள் தரும் 70 சதவீதம் 42. பில் 200 ஆனாலும் 700 ஆனாலும் இழப்பு அந்த 42-க்கு மேல் போகாது. வருஷம் முழுக்க பில்லே வராவிட்டால் 65 முழுதாக மிச்சம். இந்தக் கேள்வியை ஐந்தாம் வருஷமே கேட்டிருக்க வேண்டியது. 210 கட்டிவிட்டேன்.

அக்கா இந்த மாதம் ராணிக்குத் துணையாக ஒரு பக் குட்டி எடுத்திருக்கிறாள். சப்பை மூக்கு, தூங்கும்போது ஆள் மாதிரியே குறட்டை. வீடியோ அனுப்பிய கையோடு ஃபோன் செய்தாள். குட்டியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டாள்: "ஏன்டி, அந்தக் காத்திருப்புக் காலம்னு சொன்னியே, அது எத்தனை நாள்?"