தனிப் பாடமா, எல்லாப் பாடத்திலுமா, கிளினிக்கிலேயா?

அமெரிக்காவில் ஸ்பீச் தெரபி முதுகலைப் படிப்புகள், வேறு மொழி, வேறு பண்பாட்டுக் குடும்பங்களோடு பழகி வேலை செய்ய மாணவர்களைத் தயார்படுத்துவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன.

முதலாவது, தனிப் பாடம். பொறுப்பேற்க ஒரு ஆசிரியர் இருப்பார், வரலாறும் ஒழுங்காக வரும்: கறுப்பினக் குழந்தைகளின் வீட்டு ஆங்கிலத்தைப் பள்ளி கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பான 1979 ஆன் ஆர்பர் நீதிமன்ற வழக்கு, எந்த ஆங்கில வட்டாரப் பேச்சும் குறைபாடு ஆகாது என்று 1983இல் ஆஷா (பேச்சு, மொழி, செவித்திறன் நிபுணர்களின் அமெரிக்கச் சங்கம்) அறிவித்தது, இப்படி. ஆனால் பல இடங்களில் இது பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. "ஆசியர்கள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள்" என்று மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, அப்புறம் நேரில் வரும் ஆசியக் குடும்பத்திடம் எதையுமே கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, எல்லாப் பாடத்திலும் கலந்து தருவது. இதுதான் எனக்குப் பிடித்தது. மொழிக் குறைபாட்டு வகுப்பில் எடுக்கும் உதாரணத்தில் ஒரு கறுப்பினக் குழந்தை "ஹி பி வொர்க்கிங்" (He be working) என்கிறது. அது இலக்கணப் பிழை இல்லை, "வழக்கமாக வேலைக்குப் போகிறவர்" என்று அந்தக் குழந்தையின் வட்டாரப் பேச்சு இலக்கணப்படியே சொல்வது. டெஸ்ட் தாளில் தப்பு என்று மதிப்பெண் குறைத்தால் நல்ல குழந்தைக்குக் குறைபாட்டு முத்திரை விழும். விழுங்குவதில் வரும் சிக்கலுக்கும் இவர்கள்தான் சிகிச்சை தருவார்கள்; அந்த வகுப்பில் புட்டிங், ஆப்பிள் சாஸ் என்று உணவுத்தாள் கொடுப்பார்கள். பக்கவாதம் வந்த தமிழ்ப் பாட்டி சாப்பிடுவதோ ரசம் சாதம்: நீரும் பருக்கையும் கலந்தது, அவருக்கு இப்போது அதுதான் சிக்கல். தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, கேட்டால்தான் தெரியும். இந்த வழியில் ஓட்டை என்னவென்றால், வேறு ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார் என்று நினைத்து யாருமே சொல்லிக்கொடுக்காமல் விடுவது.

மூன்றாவது, கிளினிக். ஆஷா சான்றிதழுக்கு வேண்டிய 400 மணி நேரப் பயிற்சியில் 75 வரை சிமுலேஷனிலேயே, அதாவது நோயாளியாக நடிப்பவரிடமோ கணினியிலோ செய்யும் ஒத்திகையிலேயே, முடிக்கலாம். தடுமாறினாலும் யாருக்கும் பாதிப்பில்லை, சரி, ஆனால் நடிப்பவர் ஒரு ‘மாதிரிக் குடும்பமாக’ நடித்தால் பழைய பட்டியலே வேஷம் போட்டு வந்தது போலத்தான். உண்மையான கிளினிக்கில், மொழிபெயர்ப்பாளரையே பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் மாணவரிடம் "அம்மாவைப் பார்த்துக் கேளுங்கள்" என்று மேற்பார்வையாளர் சொல்லும் அந்த ஒரு நொடிக்கு ஈடாக எந்த ஸ்லைடும் கிடையாது. இரண்டு வார வெளிநாட்டுப் பயணத்தை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை, அதில் ஃபோட்டோதான் அதிகம்.

சேரப்போகிறவர்கள் பாடத்திட்டத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அந்தக் கல்லூரி கிளினிக்கின் மதிப்பீட்டு அறிக்கைப் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் பேசும் மொழிகள், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, எந்த டெஸ்ட் இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது என்று எழுத அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.