இருட்டுப் பாதையில் பில்போ: 'தி ஹாபிட்' மறுவாசிப்பு

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலைக் கல்லூரி நாட்களில் படித்தபோது, ஸ்மாக் என்கிற டிராகன் எப்போது வரும் என்றுதான் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனேன். போன வாரம் மறுபடி எடுத்தேன், 19 அத்தியாயங்களும் நாலே ராத்திரியில் முடிந்துவிட்டன, ஆனால் இந்தத் தடவை என்னைப் பிடித்து நிறுத்தியது டிராகன் இல்லை, அதன் குகைக்கு இறங்கும் இருட்டுப் பாதை.

கதையின் நாயகன் பில்போ, ஹாபிட் என்கிற குட்டை இனத்தவன்; டிராகன் பறித்துக்கொண்ட புதையலை மீட்கப் போகும் குள்ளர்களோடு கிளம்பி வந்தவன். கூட வந்த 13 குள்ளர்களில் பாலின் மட்டும் கொஞ்ச தூரம் துணைக்கு வருகிறார், அப்புறம் அவரும் நின்றுவிடுகிறார். பில்போ தனியாகப் போகிறான். கீழே சிவப்பாக வெளிச்சம், சூடு ஏறிக்கொண்டே வருகிறது, அடுப்பில் பெரிய பானை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், அது டிராகனின் குறட்டை என்று புரிந்ததும் அப்படியே நிற்கிறான். அங்கிருந்து அடுத்த அடி வைத்ததுதான் அவன் செய்ததிலேயே பெரிய வீரம் என்கிறார் டோல்கீன். அதைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை! சின்ன வயதில் இந்தப் பத்தியைக் கவனிக்காமலே தாண்டியிருக்கிறேன்.

மலைக்கடியில் இருட்டில் தனியாக வாழும் கோல்லம் என்கிற பிராணியோடு விடுகதைப் போட்டி நடக்கும் ஐந்தாம் அத்தியாயமும் அப்படித்தான். வழியை மறித்து உட்கார்ந்திருக்கும் கோல்லத்தைக் கொல்ல பில்போவின் கையில் வாள் இருக்கிறது, மாய மோதிரம் போட்டிருப்பதால் கண்ணுக்கும் தெரியமாட்டான், இருந்தும் அந்தப் பிராணியின் தனிமையை நினைத்து இரக்கப்பட்டுத் தலைக்கு மேலே தாவிப் போய்விடுகிறான். 1937-ல் வந்த முதல் பதிப்பில் இந்த இரக்கக் காட்சியே கிடையாது, அதில் கோல்லமே வெளியே போக வழி காட்டுகிறது. 1951 பதிப்புக்காகத்தான் டோல்கீன் மாற்றி எழுதினார். நல்லவேளை மாற்றினார்.

குறைகளும் இருக்கின்றன. 13 குள்ளர்களில் நாலைந்து பேர்தான் மனதில் நிற்கிறார்கள், மற்றவர்கள் வெறும் பெயர்கள். கதையில் பேசுகிற பெண் ஒருவர்கூட இல்லை. நான் வாங்கிய மலிவுப் பதிப்பில் டோல்கீன் கையால் வரைந்த வரைபடத்தைச் சுருக்கி அச்சிட்டிருக்கிறார்கள், எழுத்தே தெரியவில்லை, வாங்குபவர்கள் அதைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

முடிவுப் போரைவிட அதற்கு முன்னால் வரும் ஓர் இரவு எனக்கு ரொம்பப் பிடித்தது. சண்டையைத் தடுக்க குள்ளர்களின் தலைவர் உயிராக நினைக்கும் ஆர்க்கன்ஸ்டோன் என்ற ரத்தினக்கல்லை, புதையலில் பங்கு கேட்டு நிற்கும் எதிரணியிடம் ரகசியமாகக் கொடுக்கிறான் பில்போ. இங்கேயே இருந்துவிடு, பத்திரமாக இருப்பாய் என்கிறார்கள். மாட்டேன் என்று கிளம்புகிறான். குள்ளர்களில் ஒருவரான பாம்பரை நள்ளிரவில் எழுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறானாம்.