சிங்கிள் பேஸ் ஸ்மார்ட் மீட்டர்: குறை மீட்டரிலா, நியூட்ரலிலா?

வீடுகளுக்கு வரும் ஸ்மார்ட் மீட்டரைப் பற்றி அதிகம் கேட்கும் புகார், "வேகமாக ஓடுகிறது" என்பதுதான். ஐ.எஸ். 16444 என்ற இந்தியத் தரத்தில் செய்த வகுப்பு 1 (துல்லிய வகுப்பு) மீட்டருக்கு, வழக்கமான லோடில் அனுமதிக்கப்பட்ட பிழை நூற்றுக்கு ஒன்று. அளக்கும் கருவி என்ற வகையில் நல்ல சரக்கு. நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம்.

முகப்பில் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200. விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 2000 வாட் கீசரை மட்டும் போட்டு, விளக்கை போனில் வீடியோ எடுங்கள். முதல் மின்னலைப் பூஜ்யம் என்று வைத்து 50 வரை எண்ணினால் சுமார் 28 வினாடி ஆக வேண்டும். 56,250ஐ அந்த வினாடியால் வகுத்தால் மீட்டர் காட்டும் வாட் கிடைக்கும். வோல்டேஜ் 210க்கு இறங்கியிருந்தால் கீசரே 1,670 வாட் அளவுதான் இழுக்கும், 34 வினாடி வரை போகும். அதனால் கணக்குப் போடும் முன் டிஸ்பிளேயில் வோல்டேஜைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையில் தேறியும் யூனிட் கூடுகிறதென்றால் நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரை, சந்தேகிக்க வேண்டும். சக்கரம் சுற்றிய பழைய மீட்டர், கரண்டை உள்ளே கொண்டுவரும் பேஸ் வயரில் போகும் கரண்டை மட்டும் பார்த்தது. ஸ்மார்ட் மீட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டையும் அளந்து, எது அதிகமோ அதை வைத்து யூனிட் போடும். திருட்டைப் பிடிக்க வைத்த ஏற்பாடு இது. வயரிங் கோளாறு இருந்தால் தவறு செய்யாதவர் தலையில் விழுகிறது. அடுக்குமாடியில் இரண்டு வீட்டு நியூட்ரல் எங்கோ ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். உங்கள் வீடு 4 ஆம்பியர், பக்கத்து வீடு 8 ஆம்பியர் இழுக்கின்றன. திரும்பும் 12 ஆம்பியர் இரு நியூட்ரலிலும் ஆறாறாகப் பிரிந்தால், உங்கள் மீட்டர் 6க்கும் அவர்கள் மீட்டர் 8க்கும் கணக்கிடும். ஓடியது 12, பில் 14.

கண்டுபிடிப்பது எளிது. மெயினை ஆனிலேயே விட்டு, தனித்தனி எம்.சி.பி.க்களை (ஒவ்வொரு லைனுக்குமான சிறு பிரேக்கர் சுவிட்சுகளை) மட்டும் அணைத்துவிட்டு, மீட்டர் பொத்தானை அழுத்தி நியூட்ரல் கரண்டுக்கு வாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். எண் வந்தாலோ விளக்கு மின்னினாலோ அந்நிய கரண்ட் உங்கள் வழியாகத் திரும்புகிறது. பொது மோட்டார், மாடிப்படி விளக்கு, இரண்டு போர்ஷனுக்குப் பொதுவாக வைத்த இன்வெர்ட்டர் ஆகிய மூன்று இடங்களை முதலில் பாருங்கள். எலக்ட்ரீஷியன் நியூட்ரலைப் பிரித்துக் கொடுத்தால் தீர்ந்தது. மீட்டரை மாற்றினால் தீராது.

மீட்டருக்கு உள்ளே இருக்கும் ரிலே, அதாவது தானியங்கி சுவிட்ச், அடுத்த சங்கதி. நிர்ணயித்த லோடைத் தாண்டினால் அது சப்ளையை வெட்டும், சிறு இடைவெளிகளில் தானாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும். லோடு குறையாவிட்டால் பூட்டிக்கொண்டு அரை மணி நேரம் காத்திருக்கும். ஏசியும் கீசரும் சேர்ந்து ஓடும்போது கரண்ட் போய் வந்து போய் வந்து பிறகு நின்றுவிட்டால் காரணம் இதுதான். ஒன்றை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

தகவல் தொடர்புதான் இதன் பலவீனம். அரை மணிக்கொரு முறை பதிவாகும் அளவு, ரேடியோ அலையிலோ மொபைல் நெட்வொர்க்கிலோ மின்வாரிய சர்வருக்குப் போக வேண்டும். தரைத்தளத்துக்குக் கீழே, இரும்புப் பெட்டிக்குள் இருபது மீட்டர் அடுக்கிய இடத்தில் சிக்னல் திணறும். செயலியில் நேற்றைய ரீடிங் வராததற்கு மீட்டர் பழுது என்று பொருளில்லை. அளவு உள்ளேயே பத்திரமாக இருக்கும், இணைப்பு கிடைத்ததும் போய்ச் சேரும்.

பொருத்தும்போது பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைப் படம் எடுங்கள். டெர்மினல் திருகு சரியாக முறுக்கப்பட்டதா என்று நின்று பாருங்கள். அலுமினிய சர்வீஸ் வயர் தளர்ந்தால் அந்த இடம் சூடேறிக் கருகும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் நீங்கள் திறக்க வேண்டாம். சீல் உடைந்ததே ஒரு வழக்காகிவிடும். மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள்.

2023இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளில் உங்களுக்கு உதவும் ஒன்று உண்டு: ஸ்மார்ட் மீட்டர் காட்டும் அதிகபட்ச லோடை வைத்து, அது பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போட முடியாது. 2024 திருத்தப்படி, ரீடிங்கில் சந்தேகம் என்று புகார் கொடுத்தால் 5 நாளுக்குள் இன்னொரு மீட்டர் வைத்து, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கூரையில் சோலார் இருந்தால் ஒரு எச்சரிக்கை. இந்த மீட்டரில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று இறக்குமதியையும் ஏற்றுமதியையும் தனித்தனியே எண்ணும். மற்றது கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் நுகர்வாகவே எண்ணும். இரண்டாவது முறையில் விட்டுப் போனால், நீங்கள் வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லில் ஏறும். நல்ல வெயிலடிக்கும் நண்பகலில், வீட்டு லோடை அணைத்துவிட்டு டிஸ்பிளேயைப் பாருங்கள்: ஏற்றுமதி எண் நகர வேண்டும், இறக்குமதி எண் அசையாமல் நிற்க வேண்டும்.